வானலையில் ஒப்புரவு

நிலத்தைப் பங்கிடுதற்கு வேலி உண்டு. நீரைப் பங்கிடுதற்கு வாய்க்காலும் முறையும் உண்டு. வானலையைப் பங்கிடுதற்கோ கண்ணுக்குப் புலனாகும் எல்லை யாதும் இல்லை. ஒருவர் எழுப்பும் அலையும் பிறர் எழுப்பும் அலையும் ஒரே வெளியிற் கலந்தே செல்கின்றன. அவற்றைப் பிரித்தறிய நமக்குப் பெரிதும் உதவுவது மீடிறன் எனப்படும் அதிர்வுக் கணக்காகும். ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே மீடிறனில் இருவர் செலுத்துவாராயின் இருவர் செய்தியும் கெடும். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டு அண்மைக் காலத்தில் தோன்றிய ஒரு கருத்தே ‘அறிவார்ந்த வானொலி’ என்பது. வானொலி என்னுஞ் சொல் ஈண்டு நம் வீட்டுப் பெட்டியை மாத்திரங் குறிப்பதன்று. கைத்தொலைபேசி முதலாக, மின்காந்த அலைகளாற் செய்தியை அனுப்பவும் பெறவும் வல்ல கருவிகள் அனைத்தையுங் குறிக்கும். இக்கருவிகள் தம் சூழலைத் தாமே அறிந்து நடக்குந் திறன் பெற்றுவிடின் வானலை நெருக்கடி தீர்ந்துவிடுமா என்பதே நாம் ஆராயப் புகும் வினா. அறிவு மாத்திரம் போதாது. அறிவோடு கூட்டுறவும், கூட்டுறவைக் காக்கும் விதியும் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1912 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14 ஆம் நாள் இரவு, ‘ரைற்றானிக்’ கப்பலின் தந்தியாளர் பயணிகளின் செய்திகளை நியூபவுண்ட்லாந்திலுள்ள கேப் றேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பொழுது, பனிக்கட்டிகளால் வழி தடைப்பட்டு அயலில் நின்ற ‘கலிபோர்னியன்’ என்னுங் கப்பலின் தந்தியாளர் அச்செய்தியை ரைற்றானிக்குக்கு அறிவிக்க முற்பட்டார். அக்கப்பல் அண்மையில் நின்றமையால் அதன் அலை ரைற்றானிக்கின் வாங்கியிற் பேரொலியாக விழுந்தது. தொலைவிலிருந்து வந்த மெல்லொலி அதனுள் மூழ்கிற்று. குறுக்கிட வேண்டாமென ரைற்றானிக்கின் தந்தியாளர் கடிந்துரைத்தார். சிறிது நேரத்தின் பின் கலிபோர்னியனின் தந்தியாளர் தம் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் ரைற்றானிக் பனிப்பாறையில் மோதிற்று. அபாயச் செய்தி வானெங்கும் பரவியபோது, அயலில் நின்ற அக்கப்பலில் அதனைக் கேட்பார் எவருமிலர். 1,500 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விபத்துக்குக் காரணங்கள் பலவாயினும், ஒரே வெளியைப் பகிர்ந்துகொண்ட இருவருக்கிடையே முறைமை இல்லாமையும் அவற்றுள் ஒன்றென்பதில் ஐயமில்லை.

அவ்வாண்டு ஓகத்து மாதத்திலே அமெரிக்க ஐக்கிய நாடுகள் வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றி, செலுத்திகளை இயக்குவோர் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டுமென விதித்தன. பிற நாடுகளும் இதனையொத்த வழிகளிலேயே சென்றன. இன்ன மீடிறன், இன்ன இடம், இன்ன வலு என வகுத்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பங்கை உறுதி எழுதிக் கொடுத்தாற்போல வழங்கும் முறை நிலைபெற்றது. இதன் நன்மையை மறுத்தல் இயலாது. 1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத நாள்களில், மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் நம்முட் பலர். பகலிலே தெளிவாகக் கேட்ட மத்திய அலை நிலையத்தின் மேல், இரவானதும் எங்கோ தொலைநாட்டு நிலையம் ஒன்று வந்து படிவதை அவர்கள் அறிவர். மேல்வளிமண்டலத்தின் கீழ்ப்படை பகலில் அவ்வலைகளை உறிஞ்சிக்கொள்கின்றது. இரவில் அப்படை மறைய, அலைகள் மேற்படையிலே தெறித்து நெடுந்தூரஞ் செல்கின்றன. இத்தகைய குறுக்கீட்டைத் தவிர்க்கும் பொருட்டே ஒரே மீடிறனைப் பெறும் நிலையங்களுக்கிடையே பெருந்தூரம் விடப்படுகின்றது.

ஆயின், உறுதி எழுதிக் கொடுத்த வயல்கள் யாவும் எந்நாளும் பயிரிடப்படுவதில்லை. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணைக்குழு அமைத்த ஆய்வுக்குழுவொன்று, பல மீடிறன் பரப்புகளில் உள்ள இடர் மீடிறன்களின் பற்றாக்குறை அன்று, அவற்றை அணுக முடியாமையே பெரிதும் இடராகின்றது என அறிக்கை செய்தது. உரிமையாளர் செலுத்தாத வேளைகளிலும், அவர் அலை எட்டாத இடங்களிலும் அம்மீடிறன்கள் வெறுமனே கிடந்தன. ஆனால் வேறெவரும் அவற்றைத் தொடுதற்குச் சட்டம் இடந்தரவில்லை. ஒருபுறம் தரிசு; மறுபுறம் நிலமின்றி நிற்போர். இதுவே அக்காலத்து நிலை.

இதற்கொரு வழி முன்னரே கூறப்பட்டிருந்தது. 1999 ஆம் ஆண்டில் ஜோசப் மிற்றோலா என்பாரும், சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிலுள்ள அரச தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜெரல்ட் மகுவயர் என்பாரும் எழுதிய கட்டுரையொன்றில் அறிவார்ந்த வானொலி என்னுங் கருத்து விளக்கப்பட்டது. மறு ஆண்டில் மிற்றோலா அதனையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வாக விரித்தார். பழைய வானொலியின் இயல்பு அதன் சுற்றுகளிலேயே அமைந்துவிட்டது. அதனை மாற்றுதற்குக் கருவியையே மாற்றவேண்டும். கணனி நிரலால் இயங்கும் வானொலியோ நிரலை மாற்றியதும் தன் மீடிறனையும் வலுவையும் செய்தியை அலையிலேற்றும் முறையையும் மாற்றிக்கொள்ளும். இத்தகைய கருவிக்குச் செவியும் சிந்தையும் சேர்த்தால் அஃது அறிவார்ந்த வானொலியாகும். அது தன்னைச் சூழ்ந்த அலைகளைக் கேட்கும். எந்த மீடிறன் வெறுமையாக உள்ளதென ஆராயும். அதற்கேற்பத் தன்னை மாற்றும். விளைவை நோக்கிக் கற்றுக்கொள்ளும். உரிமையாளர் இல்லாத வேளையில் விருந்தினராய் நுழைந்து, அவர் வந்ததும் இடம்விட்டு நீங்குதல் அதன் கடமை.

கேட்டபின் பேசுதல் என்பது எளிய விதியெனத் தோன்றும். கேளாது பேசுவதால் வரும் இழப்பைப் பேராசிரியர் நோமன் ஏப்பிரம்சனும் அவர்தங் குழுவினரும் அமைத்த ‘அலோகா’ வலை காட்டிற்று. 1971 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் இயங்கத் தொடங்கிய அவ்வலையில் நிலையங்கள் தாம் நினைத்த வேளையிற் செய்தியை அனுப்பின. செய்திகள் மோதிக் கெடின் மீண்டும் அனுப்பின. அம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்குக்குச் சற்று மேலாகவே பயன்கொள்ள முடியும் என்பது கணிதத்தாற் பெறப்பட்டது. ஆகவே, முதலிற் கேட்டு, அமைதி நிலவின் பேசும் முறை பிற்காலத்தில் வளர்ந்தது. இன்று பாடசாலைகளிலும் வீடுகளிலும் பயன்படும் ‘வைஃபை’ அம்முறையையே பின்பற்றுகின்றது.

எனினும் கேட்டல் எப்போதும் உண்மையை உணர்த்துவதில்லை. மண்டபத்தில் ஒரு பெருந்தூணின் பின்னே அமர்ந்த மாணவனுக்கு ஆசிரியர் குரல் எட்டாதிருக்கலாம். அவன் வகுப்பு இன்னுந் தொடங்கவில்லையெனக் கருதிப் பேசத் தொடங்கின், ஆசிரியரைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அயல் மாணவனுக்கு இடையூறு செய்தவனாவான். அவன் செய்தது குற்றமன்று. அவன் இருந்த இடத்தின் குறை. வானலையிலும் இவ்வாறே ஒரு குன்றின் மறைவிலோ உயர்ந்த கட்டடத்தின் மறைவிலோ நிற்குங் கருவி, உரிமையாளரின் அலையைக் கேளாது, மீடிறன் வெறுமையென முடிவுசெய்யும். இதனை மறைந்த நிலையத்தின் சிக்கல் என்பர். எத்துணைக் கூரிய செவியும் தனித்து நிற்கின் இச்சிக்கலை முற்றாகத் தீர்க்கமாட்டாது. வெவ்வேறிடங்களில் நிற்கும் பல கருவிகள் தாம் கேட்டதை ஒன்றுக்கொன்று அறிவித்து ஒருமித்து முடிவுசெய்தலே வழியாகும்.

இதன் பயனை நிகழ்தகவுக் கணக்கினால் விளக்கலாம். உரிமையாளர் செலுத்தும்போது அதனை ஒரு கருவி கண்டறியும் நிகழ்தகவு 0.7 எனவும், அவர் செலுத்தாதபோது செலுத்துவதாகப் பிழைபட எண்ணும் நிகழ்தகவு 0.1 எனவும் கொள்வோம். தனிக்கருவி பத்துமுறையில் மும்முறை உரிமையாளரைத் தவறவிடும். இனி மூன்று கருவிகள் கூடி, எவரேனும் ஒருவர் ‘உண்டு’ என்றாலும் ஒதுங்கிக்கொள்வதென விதி செய்கின்றன. மூன்றும் ஒருங்கே தவறவிடும் நிகழ்தகவு 0.3 இன் மும்மடிப் பெருக்கம், அஃதாவது 0.027. உரிமையாளருக்கு வருந் தீங்கு பத்திலொரு பங்குக்குங் குறைந்துவிட்டது. ஆனால் வீணாக அஞ்சி ஒதுங்கும் நிகழ்தகவு 0.1 இலிருந்து 0.271 ஆக உயர்ந்துவிடுகின்றது. பெரும்பான்மை விதியைக் கொண்டு, இருவரேனும் ‘உண்டு’ என்றால் மட்டும் ஒதுங்குவதாயின், கண்டறியும் நிகழ்தகவு 0.784, வீண் அச்சம் 0.028. இரு வகையிலும் தனிக்கருவியிலும் மேம்பட்டதாயினும், உரிமையாளரைக் காப்பதில் முதல்விதியே சிறந்தது. எவ்விதி சாலச் சிறந்தது என்பது, யாரைக் காப்பது முதன்மையெனக் கருதுகின்றோம் என்பதைப் பொறுத்தது. அதனைக் கணிதந் தானாகச் சொல்லாது. மனிதரே தீர்மானித்தல் வேண்டும்.

இக்கணக்குக்கு இரு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, கருவிகளின் பிழைகள் ஒன்றையொன்று சாராதிருத்தல். மூன்றும் ஒரே குன்றின் பின்னே நிற்குமாயின் மூன்று செவியும் ஒரு செவியே. எண்ணிக்கை கூடியும் பயனில்லை. ஆதலின், கூட்டுறவுக்கு வேண்டுவது பலராதல் மட்டுமன்று, வேறுபட்ட இடங்களில் நிற்போராதலுமாம். மற்றொன்று, யாவரும் உண்மை கூறுதல். மேற்கூறிய முதல்விதியில் ஒரே ஒரு கருவி எப்போதும் ‘உண்டு’ எனப் பொய்யுரைப்பின், ஏனையோரை ஒதுக்கிவிட்டுத் தானொருவனே வெளியை ஆளலாம். இதனாலே, ஒவ்வொரு கருவியும் முன்னர்க் கூறியவற்றுள் எத்தனை மெய்யாயின என்று கணக்கு வைத்து, அதற்கேற்ப அதன் சொல்லுக்கு மதிப்பளிக்கும் முறைகளை அறிஞர் ஆராய்ந்துள்ளனர்.

கேட்டலின் குறையை ஈடுசெய்யப் பொதுப் பதிவேடு ஒன்றையும் துணைக்கொண்டனர். தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்தாத இடைவெளிகளை விருந்தினர் பயன்படுத்த அமெரிக்க ஆணைக்குழு 2008 ஆம் ஆண்டில் இசைந்தபோது, தன் செவியாலும் கேட்கவேண்டும், பதிவேட்டையும் பார்க்கவேண்டும் என்று விதித்தது. 2010 ஆம் ஆண்டில், தான் நிற்கும் இடத்தை அறிந்து பதிவேட்டை வினவும் கருவிக்குத் தானே கேட்டல் கட்டாயமன்று என அவ்விதியைத் தளர்த்திற்று. இம்முறையை 2015 ஆம் ஆண்டில் மேலும் விரித்து, 3550 முதல் 3700 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பரப்பை மூன்று படிகளாக வகுத்தது. முதற்படியிற் கடற்படையின் றேடார் முதலிய பழைய உரிமையாளர். இரண்டாம் படியில் ஏலத்தில் உரிமை பெற்றோர். மூன்றாம் படியில் ஏனையோர். கீழ்ப்படியிலுள்ளோர் செலுத்துமுன், தாம் நிற்கும் இடத்தை அறிவித்துக் கணனி முறைமையொன்றிடம் அனுமதி பெறுதல் வேண்டும். கடற்கரையோரத்து உணரிகள் றேடாரின் வரவைக் கண்டதும், இடையூறு செய்யத்தக்க கருவிகள் சில நிமிடங்களுள் விலக்கப்படும். 2020 ஜனவரியில் இப்பரப்பு முழு அளவிலான வணிகப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்முறைமையை நடத்துவோர் ஒருவரல்லர். வணிகத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனத்தார். எனினும் அவர்கள் இரவுதோறும் தத்தம் பதிவுகளைப் பரிமாறி, எல்லாரும் ஒரே கணக்கைக் கொண்டிருக்குமாறு செய்கின்றனர். போட்டியாளரும் ஒத்துழைக்குமாறு விதி அமைந்தமையே இதற்குக் காரணம்.

விதி இல்லாவிடின் என்ன நேரும்? அதனையும் ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். அயலயலே இரு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு செலுத்தியும் ஒரு வாங்கியும். தன் வீட்டு அலை இயற்கை இரைச்சலிலும் 100 மடங்கு வலுவாகவும், அயல்வீட்டு அலை அதில் அரைப்பங்காக, 50 மடங்காகவும் வந்து சேர்வதாகக் கொள்வோம். குளோட் ஷானன் 1948 ஆம் ஆண்டில் நிறுவிய சூத்திரத்தின்படி, பிழையின்றி அனுப்பக்கூடிய செய்தியின் அளவைக் கணிக்கலாம். இருவரும் நேரத்தைப் பாதி பாதியாகப் பிரித்து முறைவைத்துப் பேசின், ஒரு ஹேர்ட்ஸ் அகலத்தில் ஒரு செக்கனுக்கு ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஏறக்குறைய 3.3 பிற்றுச் செய்தி கிடைக்கும். இருவரும் முறையின்றி எந்நேரமும் செலுத்தின் ஒவ்வொருவருக்கும் 1.6 தான். ஒருவர் முறையைக் காக்க மற்றவர் காவாது எந்நேரமும் செலுத்தின், முறை தவறியவர் 4.1 பெறுவார், முறை காத்தவருக்கு எஞ்சுவது 0.8.

இவ்வெண்களை ஊன்றி நோக்குக. அயலார் முறை காத்தாலுஞ் சரி, காவாவிட்டாலுஞ் சரி, தன் பயனை மட்டுங் கருதும் ஒருவனுக்கு முறை தவறுதலே இலாபம். இருவரும் அவ்வாறே கணக்கிடின், 3.3 பெற்றிருக்க வேண்டியவர்கள் 1.6 உடன் நிற்பர். இவர்கள் அறிவில்லாதவர் அல்லர். கணக்கைச் சரியாகவே போட்டவர். கருவியின் அறிவு வளர வளர இக்கணக்கை அது விரைவாகவும் பிழையின்றியும் போடும், அவ்வளவே. ஆகவே, தனித்தனி அறிவு கூடுவதால் மட்டும் பொதுநலம் கூடிவிடும் என்று எண்ணுதல் மயக்கமாகும்.

இம்மயக்கத்தினின்று மீளும் வழியைப் பிற துறையாரும் ஆராய்ந்துள்ளனர். றொபேட் அக்செல்றொட் என்னும் அரசியல் அறிஞர், இத்தகைய நிலையில் இருவர் மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது எவ்வொழுக்கம் நிலைபெறும் என்பதைக் கணனிப் போட்டிகளாற் சோதித்து, 1984 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முதலில் ஒத்துழைத்து, பின் எதிரி முன்முறை செய்ததையே தானுஞ் செய்யும் எளிய நிரல் அப்போட்டிகளில் வென்றது. எலினோர் ஒஸ்ற்றொம் அம்மையார் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொதுவான நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் மீன்பிடி நிலையங்களையும் மக்கள் தாமே விதி வகுத்து நெடுங்காலம் காத்துவந்த வரலாறுகளைத் தொகுத்தார். அவர் 2009 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். மீண்டுஞ் சந்திக்க வேண்டியிருத்தல், ஒருவர் செய்வதை மற்றவர் காணக்கூடியதாயிருத்தல், தவறுக்கு அளவான தண்டம் இருத்தல் ஆகியவை கூட்டுறவின் அடித்தளங்கள் என்பது இவ்வாய்வுகளாற் பெறப்படும். வானலைக்கும் இவை பொருந்தும்.

இக்கொள்கைகளைக் கருவிகளிலே சோதித்த ஒரு பெருமுயற்சியைக் கூறி மேற்செல்வோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமாகிய ‘டார்ப்பா’ 2016 ஆம் ஆண்டில் வானலைக் கூட்டுறவுப் போட்டியொன்றை அறிவித்தது. பல குழுக்கள் தத்தம் முறைப்படி அறிவார்ந்த வானொலி வலைகளை அமைத்தன. ஒரு குழுவின் உள்ளமைப்பு மற்றொரு குழுவுக்குத் தெரியாது. ஆயினும், தாம் எங்கே நிற்கின்றோம், எம்மீடிறனைப் பயன்படுத்துகின்றோம், தம் பணி எவ்வளவு நிறைவேறுகின்றது என்பவற்றைத் தெரிவிக்கப் பொதுமொழியொன்று அவற்றுக்கு அளிக்கப்பட்டது. சோதனைக்கென, நகரும் வெளியும் போன்ற சூழல்களைக் கணக்கினாற் போலியாக உண்டாக்கும் ‘கொலோசியம்’ என்னும் பெருங்கருவி மேரிலண்ட் மாநிலத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டது.

அப்போட்டியின் புள்ளி விதியே நம் கருத்தைக் கவர்வது. ஒவ்வொரு வலைக்கும் எட்டவேண்டிய ஓர் அளவு குறிக்கப்பட்டது. வெளியைப் பகிர்ந்த வலைகளுள் ஒன்றேனும் அவ்வளவை எட்டாவிடின், எல்லா வலைகளுக்கும் அப்பின்தங்கிய வலையின் புள்ளியே வழங்கப்படும். யாவரும் அதனை எட்டிய பின்னரே ஒருவர் தம் திறமையால் முந்திச் செல்ல இயலும். ஆகவே, அயலாரை நசுக்கி வெல்லும் வழி அடைபட்டது. வல்லவன் வெல்லவேண்டுமாயின் முதலில் மெலியவனைத் தூக்கிவிடவேண்டும். 2019 ஒக்டோபர் 23 ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் பத்துக் குழுக்கள் பங்குகொண்டன. புளோரிடாப் பல்கலைக்கழகக் குழு முதலிடம் பெற்று 20 இலட்சம் டொலர் பரிசினைத் தட்டிக்கொண்டது. கருவிகளுக்கு இரக்கம் இல்லை; அறநூற் பயிற்சியும் இல்லை. எனினும் அவை ஒன்றுக்கொன்று இடம்விட்டு நடந்தன. விதியை வகுத்த மனிதர், எல்லாரும் வாழ்ந்தாலன்றி எவரும் வெல்லலாகாது என வகுத்தமையே அதற்குக் காரணம்.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள். நமக்கென்ன என வினவுவார் இருக்கலாம். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, நம் நாட்டின் பின்தங்கிய கிராமங்களில் மாணவர் கைத்தொலைபேசியை ஏந்தி அலை தேடிக் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறிய காட்சியை நாம் மறந்துவிடலாகாது. அவர்களுக்கு அலை எட்டாமைக்குக் கோபுரங்களின் குறைவு முதன்மைக் காரணம் என்பது உண்மை. ஆயின், தொலைக்காட்சிக்குரிய தாழ்ந்த மீடிறன்கள் உயர்ந்தவற்றிலும் நெடுந்தூரஞ் செல்வன; மரஞ்செடிகளை ஊடுருவுவன. அத்தகைய மீடிறன்களுள் ஓரிடத்தில் வெறுமையாகக் கிடப்பவற்றைக் கிராமத்துக்குப் பயன்படுத்த இயலுமாயின் சில கோபுரங்களே நெடும்பரப்புக்குப் போதும். நம் நாட்டில் மீடிறன்களை வகுத்தளிக்கும் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவைச் சார்ந்தது. வருங்காலத்தில் இத்தகைய பகிர்வு விதிகள் இங்கும் வகுக்கப்படும்போது, அவற்றுள் மெலியவருக்கு என்ன இடம் என்று வினவும் அறிவு நம் மாணவரிடத்தே இருத்தல் வேண்டும். அவ்வினா பொறியியலாளருக்கு மாத்திரம் உரியதன்று. குடியியலும் பொருளியலும் கற்போருக்கும் உரியது.

உலகியல்பு அறிந்து பிறர்க்கு உதவி வாழ்தலை ஒப்புரவு என்று கூறி, அதற்கென ஓரதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மனிதர்க்குரியதாகிய அவ்வறத்தைக் கருவி தானாக அறியாது. நாம் அதற்கு எவ்விதியை எழுதிக் கொடுக்கின்றோமோ அவ்விதியையே அது காக்கும். கூடிய விரைவில் மேலும் மேலும் அறிவுடைய கருவிகள் வானலையை நிரப்பப்போகின்றன. அவை ஒன்றையொன்று மூழ்கடிக்குமா, ஒன்றுக்கொன்று இடம்விடுமா என்பது அவற்றின் அறிவைப் பொறுத்ததன்று. அவற்றுக்கு விதி எழுதும் நம் ஒப்புரவைப் பொறுத்தது.